எலிசபெத் பிளாக்வெல் இறைநம்பிக்கைக்காகக் காதலைத் துறந்தவரா?

இளவேனில் (கேள்வி):

19ஆம் நூற்றாண்டின் பெண் மருத்துவர்களைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் பொருட்டு, அமெரிக்காவில் முதன்முதலாக மருத்துவப் பட்டம் பெற்ற பெண்ணான எலிசபெத் பிளாக்வெல் 1895இல் வெளியிட்ட தன்வரலாற்றை ஊன்றிப் படித்தேன். அதில் ஓரிடம் என்னை மேலே நகரவிடாமல் பிடித்து நிறுத்திவிட்டது. அதைக் குறித்து இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

உயிர்போகும் நோயில் கிடந்த தோழி ஒருவர், தம்மை ஒரு பெண் மருத்துவர் கவனித்திருந்தால் தம் துன்பங்களில் மிகக் கொடியவை நேர்ந்தே இரா என்றும், கல்வியில் நாட்டமும் உடல் நலமும் உள்ள எலிசபெத் ஏன் மருத்துவம் படிக்கக் கூடாது என்றும் கேட்கிறார். எலிசபெத்துக்கோ உடல் சார்ந்த எதுவும் அருவருப்பு; மருத்துவ நூலைக் கண்ணெடுத்துப் பார்க்கவும் அவருக்குப் பிடிக்காது. ஆகவே அந்த யோசனையை அவர் முதலில் ஒதுக்கித் தள்ளுகிறார். ஆனால் அதே காலத்தில் நன்கு கற்ற ஓர் ஆடவர்மீது அவருக்கு வலுவான ஈர்ப்பும் இருந்திருக்கிறது. அவருடைய பெயரைச் சொல்லாமல், அவருடைய கருத்துகள் மிகக் குறுகியவை, இறுகியவை, ஆகவே நெருக்கமான, உயர்வு தரும் தோழமைக்கு அங்கே இடமில்லை என்று தமக்குத் தெளிவாகத் தெரிந்ததாக எழுதுகிறார். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. அவிழ்க்க முடியாத முடிச்சை அறுத்தெறியும் வழியாகவே மருத்துவப் படிப்பைத் தேர்ந்ததாகவும் சொல்கிறார். அவர்களிடையே கைமாறிய ஒரு பூங்கொத்தைப் பொட்டலமாகக் கட்டி, இளமைக் காதலின் கடைசிக் கனவு என்று அதன்மேல் எழுதி நெடுநாள் வைத்திருந்தாராம்.

இதற்குச் சில பக்கங்கள் தள்ளியே அவருடைய வாழ்வின் பெரிய ஆன்மிக அனுபவம் வருகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, காதலை விட்ட இடத்தில் கடவுளை வைத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படி எழுதினால் அது நேர்மையான வாசிப்பாகுமா? அல்லது துறவியர் வரலாறுகளைப் படித்துப் பழகிய மனம் இங்கும் அதே வடிவத்தைத் தேடுகிறதா? அவருடைய நம்பிக்கைக்கும் காதலுக்கும் இடையே உண்மையில் என்ன உறவு இருந்தது?

ஏட்டுச்சுவடி (மறுமொழி):

இளவேனில் அவர்களுக்கு, நீங்கள் சொல்லும் இரண்டு நிகழ்ச்சிகளையும் எந்த வரிசையில் அடுக்குகிறோம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது என்று கருதுகிறேன்.

பிளாக்வெல் 1821 பிப்ரவரி 3 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். தந்தை சாமுவேல் பிளாக்வெல் சர்க்கரை சுத்திகரிப்பு ஆலை நடத்தியவர். அரசத் திருச்சபைக்குக் கட்டுப்படாத பிரிவினரின் தேவாலயத்தைச் சேர்ந்தவர். அடிமை முறையை வெறுத்தவர். கரும்புச் சர்க்கரைக்குப் பின்னால் அடிமைகளின் உழைப்பு இருக்கிறது என்பதை உணர்ந்து, பீட்ரூட் சர்க்கரை செய்து பார்க்கும் முயற்சியிலும் இறங்கியவர். குடும்பம் 1832இல் நியூயார்க்குக்கும் 1838இல் சின்சினாட்டிக்கும் குடிபெயர்ந்தது. சின்சினாட்டி வந்த சில மாதங்களிலேயே தந்தை காலமாகிவிட, மூத்த சகோதரிகள் பள்ளி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

இந்தக் காலத்தில்தான் எலிசபெத்தின் சமய வாழ்வு இடம் மாறத் தொடங்கியது. முதலில் எபிஸ்கோப்பல் திருச்சபையில் சேர்ந்தார். பின்னர் வில்லியம் ஹென்றி சானிங் என்னும் போதகரின் தாக்கத்தால், கடவுள் ஒருவரே என்று கொண்டு மூவொருமைக் கொள்கையை ஏற்காத யூனிட்டேரியன் சபைக்கு வந்தார். அந்நகரின் வைதிகக் கிறித்தவர்களுக்கு இது பெரிய குற்றம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். அப்பா இல்லாத வீட்டில், வயிற்றுப் பிழைப்புக்கு இருந்த ஒரே பள்ளியும் ஆட்டம் காணும் நிலையில், மனத்துக்குச் சரி என்று பட்ட சபையைவிட்டு அவர்கள் அசையவில்லை. இருபது வயதைக்கூட எட்டாத ஒருத்தி இப்படி நின்றாள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு காதல் விவகாரத்தைப் பார்க்க வேண்டும். ஓர் ஆடவரின் கருத்துகள் குறுகியவை என்று அவர் சொன்னால், அது வெறும் சாக்காக இருக்க முடியாது. கருத்துக்காக விலை கொடுத்துப் பழகியவர் அவர்.

இனி, நீங்கள் சொன்ன ஆன்மிக அனுபவம் நிகழ்ந்த ஆஷ்வில் இரவு. காதலுக்கும் மருத்துவத்துக்கும் இடையிலான முடிவை அவர் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. 1845 ஜூன் மாதம், படிப்புக்குப் பணம் சேர்ப்பதற்காக வட கரோலினாவின் மலையூரான ஆஷ்வில்லுக்கு ஆசிரியப் பணி ஏற்றுச் செல்கிறார். பள்ளியை நடத்திய ஜான் டிக்சன் என்னும் போதகர் முன்பு மருத்துவராக இருந்தவர். அவரிடமிருந்த மருத்துவ நூல்களைப் படிக்கலாம் என்பதும் ஒரு காரணம். வண்டி கட்டிக்கொண்டு கூட வந்த சகோதரர்கள் திரும்பிச் செல்லவிருந்த நிலையில், அன்றிரவு தனி அறையின் சன்னலருகே நின்று, விண்மீன் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்த மலைத்தொடரைப் பார்க்கிறார். திடீரென்று அச்சமும் ஐயமும் அவரைச் சூழ்ந்துகொள்கின்றன. எதில் இறங்குகிறோம், என்ன தைரியத்தில் இறங்குகிறோம் என்று நடுங்கி, உதவி செய், வழிகாட்டு என்று கதறி மன்றாடுகிறார். அப்போது ஒளிவெள்ளம் போன்ற ஒரு பிரசன்னம் தம் உள்ளத்தை நிறைத்ததாகவும், தம் முயற்சி எவ்வளவு சிறியதாயினும் சரியான திசையில் செல்வதாகவும் மனிதகுல முன்னேற்றத்துக்கான இறைவனின் ஏற்பாட்டோடு இசைந்ததாகவும் உறுதி பிறந்ததாகவும் எழுதுகிறார். அந்த உறுதி பின்னர் ஒருபோதும் கலையவில்லை என்கிறார்.

அந்த மன்றாட்டு எதைப் பற்றியது என்று பாருங்கள். காதலை இழந்த துயரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தாம் ஏற்கெனவே தேர்ந்துவிட்ட வேலையின் கனத்தைப் பற்றிய அச்சமே அது. ஆகவே கடவுள் வந்து காதலனின் இருக்கையில் அமர்ந்தார் என்று எழுதுவது பொருந்தாது. காதலை மறுத்தது அவருடைய சொந்த அறிவு. அந்த அறிவை நம்பி நடக்கலாம் என்ற தெம்பைத்தான் நம்பிக்கை தந்தது. நான் புரிந்துகொண்ட வரையில் இந்த வேறுபாடு அவருடைய வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஒளியைக் கண்டபின் அவர் மலையுச்சியில் அமர்ந்து தியானம் செய்யவில்லை. அதே ஊரில் சக ஆசிரியை ஒருவர், உடற்கூறு பயில முதல் பொருள் இதோ என்று கைக்குட்டையில் பொதிந்து ஒரு பெரிய வண்டைக் கொடுத்தார். செத்த வண்டைச் சிப்பி ஒன்றில் வைத்துக் கொண்டை ஊசியால் அழுத்திப் பிடித்து, பேனாக்கத்தியை வைத்துக்கொண்டு அறுக்க மனம் வராமல் நெடுநேரம் தயங்கினார். கடைசியில் அறுத்தபோது உள்ளே இருந்தது கொஞ்சம் மஞ்சள் தூள் மட்டுமே. அந்த அருவருப்பை வெல்வதற்கு அந்த இரவின் ஒளியும் போதவில்லை, கத்தியும் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டுரையில் இந்த வண்டுக்கும் ஒரு வரி கொடுங்கள்.

வெண்கலச்சிலம்பு (மறுமொழி):

ஏட்டுச்சுவடி அவர்கள் காலவரிசையைத் தெளிவாக வைத்துவிட்டார். நான் அவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் அவர் சொல்வதில் சட்டம் என்ற ஒன்று விடுபட்டிருக்கிறது. காதலும் நம்பிக்கையும் மனத்துக்குள் மட்டும் நடக்கும் செய்திகள் அல்ல. 1840களில் அமெரிக்காவில் ஒரு பெண் திருமணம் செய்துகொண்டால் பொதுச் சட்டத்தின்படி அவளுடைய சொத்தும் சம்பாத்தியமும் கணவனின் கைக்குப் போய்விடும். பிள்ளைகள்மீதான உரிமையும் அவனுக்கே. நியூயார்க் மாநிலம் 1848இல் மணமான பெண்ணின் சொத்துரிமையை ஏற்றது. அவள் உழைத்து ஈட்டும் பணம் அவளுடையது என்று அங்கே சொல்வதற்கு 1860 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அன்பு எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அந்த அன்பு புகுந்து குடியேற வேண்டிய வீட்டின் அமைப்பு இதுதான்.

பிளாக்வெல் குடும்பம் இதை நன்றாக அறிந்த குடும்பம். எலிசபெத்தின் தம்பி ஹென்றி 1855 மே 1 அன்று பெண்ணுரிமைப் போராளி லூசி ஸ்டோனை மணந்தபோது, கணவனுக்கு அளவற்ற அதிகாரம் தரும் சட்டங்களை ஏற்கவில்லை என்ற எதிர்ப்பு அறிக்கையை மணமக்கள் இருவரும் திருமணச் சடங்கிலேயே வாசித்தார்கள். மறு ஆண்டு இன்னொரு சகோதரர் சாமுவேல், முறையாகத் திருநிலைப்படுத்தப்பட்ட பெண் போதகரான அன்டாய்னெட் பிரௌனை மணந்தார். ஆக, இந்தச் சகோதரர்கள் இருவரும் சமத்துவம் பேசும் பெண்களைத் தேடி மணந்தார்கள். பெண்மக்களான அன்னா, மேரியன், எலிசபெத், எமிலி, எலன் ஆகிய ஐவரில் ஒருவர்கூட மணந்துகொள்ளவில்லை. ஐவருக்கும் ஒரே மாதிரிக் காதல் தோல்வி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சமமாக நடத்தும் பெண்ணை ஆண்கள் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. அப்படி நடத்தும் ஆணைப் பெண்கள் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது என்பதே எனக்குத் தோன்றும் காரணம்.

அடுத்து, பாரிஸ் விவகாரம். இதை இளவேனில் குறிப்பிடவில்லை. ஆனால் காதல் என்று பேச்செடுத்தால் யாராவது கட்டாயம் கொண்டுவருவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். 1849 ஜனவரி 23 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊரிலிருந்த மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் அவர் பாரிஸ் சென்று, லா மத்தெர்னித்தே என்னும் மகப்பேறு மருத்துவமனையில் சேர்ந்தார். பட்டம் பெற்ற மருத்துவர் என்பதை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. மருத்துவச்சிப் பயிற்சிக்கு வந்த இளம் பெண்களுள் ஒருவராகவே நடத்தினார்கள். அங்கே பணியாற்றிய இளம் மருத்துவர் இப்போலித் ப்ளோ, ஏறக்குறைய எலிசபெத்தின் வயதினர், எலிசபெத்திடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். மருத்துவச் செய்திகளை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

நவம்பர் 4 அன்று, சீழ் பிடித்த கண்ணோடு பிறந்த ஒரு குழந்தையின் கண்ணை விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் கழுவும்போது, அந்த நீர் தெறித்து எலிசபெத்தின் கண்ணில் விழுந்தது. மாலைக்குள் கண் வீங்கி ஒட்டிக்கொண்டது. ப்ளோ இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை வந்து கண்ணைக் கவனித்தார். மூன்று வாரம் இரு கண்களும் மூடிய நிலையில் படுக்கை. வலக்கண் தப்பியது, இடக்கண் பார்வை போய்விட்டது. மறு ஆண்டு அந்தக் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. அறுவை மருத்துவர் ஆக வேண்டும் என்ற அவருடைய கனவும் அத்தோடு முடிந்தது. விடைபெறுமுன், புதிதாகத் தனித் தொழில் தொடங்கும் ப்ளோவின் ஆலோசனை அறைக்கு வைக்க ஒரு சோடி விளக்குகளைத் தேர்ந்தெடுத்துப் பரிசாக அனுப்பினார்.

அவருடைய குறிப்புகளில் ப்ளோவைப் பற்றி எழுதும்போது ஒரு கனிவு இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் அதைக் காதல் கதையாக வளர்த்து எழுதுபவர்கள் ஒரு செய்தியை மறைத்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு முழுவதும் தம்மைச் சக மருத்துவராக மதித்துப் பேசிய ஆண்கள் அவருக்கு மிகச் சிலரே. மதிப்போடு பேசும் ஒருவர் கிடைத்தால் மனம் நெகிழ்வது இயல்பு. அது காதலா, நன்றியா, இரண்டும் கலந்த ஒன்றா என்பதை அவரே வகுத்துச் சொல்லாதபோது நாம் முத்திரை குத்தக் கூடாது. விளக்குகளைப் பற்றி எழுதுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இளவேனில்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மன்றாட்டு எதைப் பற்றியது என்ற ஏட்டுச்சுவடி அவர்களின் கேள்வியும், ஐந்து சகோதரிகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொன்ன வெண்கலச்சிலம்பு அவர்களின் விளக்கமும் என் கட்டுரையின் போக்கையே மாற்றிவிட்டன.

எனினும் ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. வழக்கமான திருமண வாழ்வுக்கும் தமக்கும் இடையே வலுவான தடுப்பு ஒன்றை எழுப்பவே மருத்துவராக உறுதி பூண்டதாக நாட்குறிப்பில் எழுதும் அவர், அதோடு நிறுத்தவில்லை. உள்ளத்தின் வெறுமையை நிரப்பவும், நெஞ்சம் தேய்ந்து போவதைத் தடுக்கவும் ஏதேனும் ஒரு குறிக்கோள் வேண்டும் என்றும் சேர்த்து எழுதுகிறார். வெறுமை என்று அவரே ஒப்புக்கொண்டபின், நம்பிக்கையும் பணியும் அந்த வெறுமையை நிரப்பினவா? முதுமை வரை அந்த ஏக்கம் தொடர்ந்ததா? இதற்குச் சான்று ஏதும் உண்டா?

மழைக்குருவி (மறுமொழி):

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், நம்பிக்கை அந்த வெறுமையை முழுதாக நிரப்பவில்லை; நிரப்பியதாக அவர் எங்கும் பாசாங்கு செய்யவும் இல்லை. அதனால்தான் அவர்மீது எனக்கு இவ்வளவு மதிப்பு.

1851இல் நியூயார்க் திரும்பியபின் வந்த ஆண்டுகளைப் பாருங்கள். மருத்துவர் என்ற பலகை மாட்ட வீட்டுக்காரர்கள் இடம் தரவில்லை. இழிவுபடுத்தும் மொட்டைக் கடிதங்கள் வந்தன. சக மருத்துவர்கள் எட்டியே நின்றார்கள். பெண் மருத்துவரைச் சமூகமும் தொழிலுலகமும் சேர்ந்து வெற்றுச் சுவராக எதிர்கொள்கின்றன, அந்தத் தனிமை வேதனையானது என்று அவர் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட வாழ்வை இதற்கு முன் எவரும் ஏன் வாழவில்லை என்று இப்போது புரிகிறது, உயர்ந்த நோக்கம் ஒன்றைத் தவிர வேறு துணையில்லாமல் ஊரையெல்லாம் எதிர்த்து வாழ்வது கடினம் என்று சொல்லிவிட்டு, எப்போதாவது கொஞ்சம் விளையாட்டும் சிரிப்பும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறார். ஆஷ்வில்லில் ஒளியைக் கண்டவர்தான் இதையும் எழுதுகிறார். அந்த ஒளி பொய்த்துப் போயிற்று என்று இதற்குப் பொருளில்லை. செல்லும் திசை சரியா என்ற கேள்விக்கு நம்பிக்கை அவருக்கு விடை தந்தது. மாலையில் வீடு திரும்பும்போது பேச ஆள் இல்லை என்ற குறைக்கு அது விடையாக வரவில்லை.

அந்தக் குறைக்கு விடையாக வந்தவள் ஒரு சிறுமி. 1854இல் நியூயார்க்கின் ராண்டல் தீவிலிருந்த ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்திலிருந்து கேத்தரின் பாரி என்னும் ஐரிஷ் சிறுமியை அழைத்துவந்து வளர்த்தார். கிட்டி என்று அழைத்தார். வந்தபோது அவளுக்கு ஏறக்குறைய ஏழு வயது. அந்த ஏழை அநாதைக் குழந்தை தமக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தாள் என்பதை யார்தான் ஊகிக்க முடியும் என்று பின்னாளில் எழுதினார். பெண் மருத்துவர்களையே பார்த்து வளர்ந்த கிட்டி, வீட்டுக்கு வந்த ஓர் ஆணை மருத்துவர் என்று மற்றவர்கள் அழைக்கக் கேட்டு, ஆணைப் போய் மருத்துவர் என்கிறார்களே, எவ்வளவு விசித்திரம் என்றாளாம். அவர் விரும்பிய சிரிப்பு அந்த வீட்டுக்குள் இப்படித்தான் நுழைந்தது.

கிட்டி கடைசிவரை அவருக்குத் துணையாக இருந்தாள். எலிசபெத் 1869இல் இங்கிலாந்துக்குப் போய், பின்னர் ஹேஸ்டிங்ஸ் கடற்கரை ஊரில் குடியமர்ந்தபோதும், 1910 மே 31 அன்று எலிசபெத் கண்மூடியபோதும் உடனிருந்தவள் அவளே. எமிலி, எலன் ஆகிய சகோதரிகளும் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். திருமணத்தை மறுத்தவர்கள் குடும்பத்தை மறுக்கவில்லை.

காதலைப் பற்றி அவர் முதுமையில் என்ன நினைத்தார் என்பதற்கு, அவர் எழுதிய நூல்களே சான்று. பிள்ளைகளின் ஒழுக்கக் கல்வி குறித்து அவர் எழுதிய நூலை வெளியிடப் பதிப்பகங்கள் பல மறுத்தன. 1878இல் அது ஒருவாறு வெளிவந்தது. 1880களில் பாலுணர்வைப் பற்றியே தனியாக எழுதினார். நல்ல பெண்ணுக்கு உடல் வேட்கை இல்லை என்று மருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஆணுக்கு உள்ள அதே வலிமையான உணர்ச்சி பெண்ணுக்கும் உண்டு, அது இறைவன் படைப்பின் பகுதி, இழிவானதன்று என்று இந்த மணமாகாத, பக்தி மிகுந்த கிறித்தவப் பெண்மணி எழுதினார். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்பதை அவர் ஏற்கவில்லை. பாலியல் தொழிலாளர் என்று ஐயுறப்படும் பெண்களைப் பிடித்துக் கட்டாயமாகச் சோதிக்க வகைசெய்த தொற்றுநோய்ச் சட்டங்களை இங்கிலாந்தில் எதிர்த்ததும் இந்த அடிப்படையில்தான். காதலை மறந்துபோன ஒருவரோ அதைப் பாவம் என்று கருதிய ஒருவரோ இப்படி எழுதியிருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

ஏட்டுச்சுவடி:

மழைக்குருவி அவர்களின் பதில் மிகச் செறிவானது. ஆனால் கிட்டியைப் பற்றி எழுதும்போது சற்று எச்சரிக்கை தேவை. அவள் மகளாகவும் வளர்ந்தாள், வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் துணையாகவும் இருந்தாள்; அவளுக்கென்று தனி வாழ்வு அமையவில்லை, அவளும் மணந்துகொள்ளவில்லை. எலிசபெத்துக்கு ஆறுதல் கிடைத்தது என்பதை எழுதும் அதே இடத்தில், அந்த ஆறுதலுக்குக் கிட்டி தன் வாழ்நாளையே கொடுத்தாள் என்பதையும் எழுதுவதே நியாயம்.

நம்பிக்கை அவருடைய தொழிலில் எங்கே வெளிப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெனீவா கல்லூரியின் பட்டமளிப்பு ஒரு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் நடந்தது; ஊர்ப் பெண்கள் இடம் கொள்ளாமல் கூடியிருந்தார்கள். பட்டத்தைக் கையில் வாங்கியதும் எலிசபெத், உன்னதமான இறைவனின் துணையோடு இந்தப் பட்டத்துக்குப் பெருமை சேர்ப்பதே தம் வாழ்நாள் முயற்சியாக இருக்கும் என்று கல்லூரித் தலைவரிடம் சொன்னார். 1852இல் நியூயார்க்கில் பெண் குழந்தைகளின் உடல்நலம் பற்றி அவர் சொற்பொழிவாற்றியபோது கேட்க வந்தவர்களுள் குவேக்கர் சமயப் பெண்கள் இருந்தார்கள். வழிபாட்டில் பெண் பேசுவதை ஏற்றுப் பழகிய சமூகம் அது. அவருடைய முதல் நோயாளிகள் அவர்களிடமிருந்தே வந்தார்கள். 1857 மே மாதம், மருத்துவர்களான தங்கை எமிலியோடும் மேரி சக்சேவ்ஸ்காவோடும் சேர்ந்து ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனையைத் திறக்க முடிந்ததற்கு இந்த ஆதரவு ஒரு படிக்கட்டு.

இதே நம்பிக்கை அவரை வேறொரு பக்கமும் கொண்டுபோயிற்று என்பதை மறைக்கக் கூடாது. நோய்க்கு ஒழுக்கமும் தூய்மையும் காரணம் என்று ஆழமாக நம்பியதால், விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளையும் தடுப்பூசி முறைகளையும் எதிர்த்தார். மருத்துவம் ஆய்வுக்கூடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது அவர் அதோடு நகரவில்லை.

இளவேனில்:

கிட்டியைப் பற்றிய உங்கள் எச்சரிக்கையை அப்படியே ஏற்கிறேன். அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுகிறேன். கடைசியாக ஒரு கேள்வி. பிளாக்வெல் காலத்திலேயே மணந்துகொண்டும் மருத்துவராகத் தொடர்ந்த பெண்கள் இருந்தார்களா? இருந்தார்களெனில், அவர் திருமணத்தைத் தடையாகக் கருதியது மிகையான அச்சம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும்.

வெண்கலச்சிலம்பு:

இருந்தார்கள், ஆனால் அவர்கள் பிளாக்வெல்லுக்குப் பின் மருத்துவரானவர்கள். 1859இல் லண்டனில் பிளாக்வெல்லின் உரையைக் கேட்டு மருத்துவத்துக்கு வந்த எலிசபெத் காரெட், 1865இல் தகுதி பெற்று, 1871இல் கப்பல் நிறுவனம் ஒன்றை நடத்திய ஜேம்ஸ் ஸ்கெல்டன் ஆண்டர்சனை மணந்தார். மருத்துவத் தொழிலை ஒரு நாளும் விடவில்லை, பிள்ளைகளும் பெற்றார். மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்று இங்கிலாந்துச் சட்டம் 1870இல்தான் ஏற்றது. அவர் மணந்தது அதற்கு மறு ஆண்டு.

நியூயார்க்கில் பிளாக்வெல் சகோதரிகளின் மருத்துவமனையோடு தொடர்புடைய மேரி புட்னம், 1873இல் குழந்தை மருத்துவத்தில் பெயர்பெற்ற ஆபிரகாம் ஜேக்கபியை மணந்தார். பக்தியான குடும்பத்தில் பிறந்து சமய நம்பிக்கையை விட்டுவிட்டவர். ஆய்வுக்கூட அறிவியலே மருத்துவத்தின் எதிர்காலம் என்று வாதிட்டவர். சக மருத்துவரைக் கணவராகப் பெற்றவர். நம்பிக்கை, காதல், அறிவியல் ஆகிய மூன்றிலும் பிளாக்வெல்லுக்கு நேர் எதிர்த் திசை. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதலாம். ஆனால் 1845இல் 24 வயதுப் பெண் ஒருத்தி எடுத்த முடிவை 1873இன் நிலைமையைக் கொண்டு அளக்க வேண்டாம். பிளாக்வெல் முடிவெடுத்தபோது மருத்துவம் படித்து மணந்த பெண் என்று காட்ட அந்த நாட்டில் ஒருவரும் இல்லை; மருத்துவப் பட்டம் பெற்ற பெண்ணே இல்லை. புட்னம் மணந்தபோதோ பிளாக்வெல் சகோதரிகள் 1868இல் தொடங்கிய பெண்கள் மருத்துவக் கல்லூரியில் அவர் பேராசிரியராக இருந்தார்.